மலைக்காரரும் சப்டைட்டில் மெஷினும்

சரியாகப் பதினொரு மணிக்கு சப்டைட்டில் நின்றது.

திரையில் குடிநீர் அதிகாரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே எழுத்து ஓட வேண்டிய கறுப்புப் பட்டையில், "நான் உறுதியாகச் சொல்கிறேன், அடுத்த" என்று மட்டும் இருந்தது. அடுத்த வாரமா, அடுத்த வருடமா, அடுத்த ஜென்மமா? அது ஆண்டவனுக்கும் காது கேட்கிறவர்களுக்கும்தான் வெளிச்சம்.

இன்டர்காம் அலறியது. மேலாளர்தான்.

"மலைக்காரரே! எங்கய்யா எழுத்து?"

"மெஷின் ஓடுது சார். பச்சை லைட் எரியுது."

"அந்த லைட்டைக் கொண்டுபோய் நேயர்களுக்குக் காட்டவா?"

மலைக்காரர் மெஷினைப் பார்த்தார். ஒரு சூட்கேஸ் அளவு சாம்பல் நிறப் பெட்டி. ஊமைக் கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு தட்டுத் தட்டலாமா என்று கை துறுதுறுத்தது. ஆனால் அதைத் தொடுவதற்கே அவருக்குப் பயம். கண்ணாடிப் பாத்திரக் கடைக்குள் வந்தவர்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஓடுப்பா, கொஞ்சம் ஓடுப்பா" என்று அதனிடம் கெஞ்சினார்.

பதினொன்று பத்துக்கு எழுத்து திரும்ப வந்தது. எதுவுமே நடக்காத மாதிரி.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. மலைக்காரர் என்பது அவருடைய பெயரல்ல. நகரத்துக்கு வெளியே மலை உச்சியில் இந்தத் தொலைக்காட்சிக்கு ஒரு ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிறது. அதைப் பதினொரு வருடம் தனி ஆளாகக் காவல் காத்தவர் அவர். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். மகள் பிறந்ததும் நடந்ததும் பல் விழுந்து முளைத்ததும் அவருக்குத் தொலைபேசிச் செய்திகள்தான். "உங்கப்பா எங்க இருக்கார்?" என்று யாராவது கேட்டால், அந்தக் குழந்தை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் தூரத்தில் மின்னும் சிவப்பு விளக்கைக் காட்டி, "அதோ" என்று சொல்லுமாம். அதைக் கேட்ட அன்றே மனிதர் மாற்றல் கேட்டு முதல் மனுவை எழுதினார்.

எத்தனையோ மனுப் போட்டு, எத்தனையோ பேரைப் பார்த்து, கடைசியில்தான் இந்த மாற்றல் கிடைத்தது. நேரலை நிகழ்ச்சிகளுக்குத் தானாகவே சப்டைட்டில் எழுதும் மெஷின் ஒன்றை நிலையம் வாங்கியிருந்தது. அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். "மெஷின் ஒழுங்கா ஓடுச்சுன்னா நீங்க இங்க. ஓடலைன்னா பழையபடி மலை" என்று மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். திறப்பு விழாவில் மேலாளரே சுவிட்சைப் போட்டார், பச்சை விளக்கு எரிந்தது, திரையில் எழுத்து வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிய கை ஓய்வதற்குள் எழுத்து நின்றும் போயிற்று. அன்றும் மணி பதினொன்று.

இப்படி மூன்றாவது நாளும் ஆனதும், மெஷின் விற்ற கம்பெனியின் உதவி மையத்துக்கு மலைக்காரர் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். என்ன சொன்னாலும் பதறாத குரல்.

"சூடாகியிருக்கும் சார். நல்ல குளிர்ச்சியான இடத்துல வைங்க."

அவ்வளவுதானே! மலைக்காரர் கட்டடத்தின் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். கீழ்த்தளத்துக்குப் போகும் ஏசிக் குழாயை அடைத்து, மொத்தக் காற்றையும் மெஷின் அறைக்குத் திருப்பச் சொன்னார். எலக்ட்ரீஷியன் நிதானமான ஆள். ஏணியிலிருந்து இறங்கியவர் தலையைச் சொறிந்துகொண்டே மெஷினை நெருங்கினார்.

"சார், அப்புறம் இந்த மெஷினுக்கு..."

"ஐயையோ, அதைத் தொடாதீங்க! பச்சை லைட் எரியுதுல்ல? அதுபாட்டுக்கு இருக்கட்டும், விடுங்க."

"இல்ல சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். கிளம்புங்க."

அவரும் தோளைக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் மலைக்காரர் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக மெஷின் அறையில் உட்கார்ந்திருந்தார். மலையில் போட்ட ஸ்வெட்டர்தான், இங்கேயும் உதவியது. அறை ஜில்லென்று இருந்தது. ஆனால் எழுத்து சுருங்கிப்போனது. சாலைத் துறை அதிகாரி ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினார். புதிய சாலை, இருபுறமும் மரம், நடுவே பூச்செடி, இரவில் விளக்கு. அத்தனைக்கும் கீழே வந்த எழுத்து இதுதான்: "சாலை போடுவார்களாம்."

"அஞ்சு நிமிஷம் பேசினார்யா மனுஷன்!" என்று மேலாளர் குதித்தார்.

"சாராம்சம் சரியாத்தானே சார் இருக்கு?"

"சாராம்சம் கேட்டாங்களா உங்ககிட்ட? அதென்ன 'போடுவார்களாம்'? மெஷினுக்கு அவர் மேல நம்பிக்கை இல்லையா?"

மறுபடி உதவி மையம். "ஒருவேளை சத்தம் போதலையோ என்னமோ. ஒலியைக் கூட்டி வைங்க சார்" என்றாள் அந்தப் பெண்.

மேசையில் 'சப்டைட்டில்' என்று சீட்டு ஒட்டிய ஒரு குமிழ் இருந்தது. மலைக்காரர் நல்ல பிள்ளையாக அதைக் கடைசிவரை திருகி வைத்தார். நிகழ்ச்சி தொடங்கும் இசை முழங்கியதுதான் தாமதம், கறுப்புப் பட்டை வெறுமையாகிவிட்டது. நான்கு நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்த எழுத்தில் ஒரு கடுகடுப்பு இருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் வெட்டிப் போட்ட மாதிரி வந்து விழுந்தது. பேசியவர் "அன்பான நேயர்களே, உங்கள் அனைவருக்கும் என் இனிய காலை வணக்கம்" என்றார். பட்டையில், "வணக்கம்."



மூன்றாவது போனில் உதவி மையம் புது வழி சொன்னது. "நேரலையில நாலு பேர் ஒண்ணாப் பேசினா மெஷின் திணறும் சார். ஒரு ஆள் ஹெட்போன் மாட்டிக்கிட்டு, அவங்க பேசறதைக் கேட்டு, ஒரே குரல்ல நிறுத்தி நிதானமா மைக்ல திருப்பிச் சொல்லணும். வெளிநாட்டுலகூட இப்படித்தான் பண்றாங்க."

மலைக்காரர் தானே மைக்கைப் பிடித்தார். அங்கேதான் வந்தது வினை. பதினொரு வருடம் பேச்சுத் துணை இல்லாமல் இருந்த வாய். பாதி வார்த்தையை முழுங்கும்; மீதியை மீசைக்குள் முணுமுணுக்கும். அரை மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்ற அவர் ஒப்பித்ததற்குத் திரையில் வந்த பலன்: "(பேச்சு தெளிவாக இல்லை)".

கொஞ்சம் பொறுத்து மறுபடி: "(இப்போதும் இல்லை)".

"இந்தப் பெட்டிகூட என்னை மதிக்கலையே" என்று மனிதர் நொந்துபோனார்.

அன்று மாலை மேலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"காது கேளாதோர் சங்கத்துலேர்ந்து நம்ம நிகழ்ச்சியைத் தினமும் பார்த்துக் குறிச்சுக்கிட்டிருக்காங்க. இன்னும் மூணு வாரத்துல அவங்க தலைவியே நேர்ல வர்றாங்க. சப்டைட்டிலை நம்பலாம்னு அவங்க எழுதிக் குடுத்தாத்தான் நம்ம உரிமம் புதுப்பிப்பாங்க. மலைல உங்க இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. புரியுதா?"

புரிந்தது. வீட்டுக்குப் போனதும் பரணில் ஏற்றிய பெட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். மனைவி கேட்டார்.

"என்னங்க, பல்லி ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல. பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைக்கலாமான்னு பார்த்தேன்."

மகள் வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "நீங்க போனா நான் உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

மறுநாள் அவசரத்தில் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு மனைவி நிலையத்துக்கு வந்தார். மெஷின் அறைக் கதவைத் திறந்தபோது, மலைக்காரர் மைக்கைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நேரலையில் மின்துறை அதிகாரி.

"ஏங்க, கண்ணாடியை மறந்துட்டு வந்து இங்க என்னத்தைப் பார்க்கறீங்க? ஆமா, யாரு இந்த ஆளு? மின்சாரம் ஏன் போகுதுன்னு கேட்டா அணில் கடிச்சுதுங்கறாரு. போன தடவையும் அணிலைத்தான் சொன்னாரு. ஒரு அணில் எத்தனை தடவைதான் கடிக்கும்?"

ஒரு எழுத்துப் பிசகாமல் அத்தனையும் திரையில் ஓடியது. மின்துறை அதிகாரியின் முகத்துக்கு நேர் கீழே.

மலைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குமிழைத் திருகப்போய் மேசை விளக்கை அணைத்தார். இன்டர்காம் அலறியது. அதற்குள் மேலாளரே மாடிப்படியில் மூச்சிரைக்க ஓடி வந்துவிட்டார். "முடிஞ்சுது! எல்லாம் முடிஞ்சுது! மலைக்கு இன்னைக்கே கிளம்புங்க!" என்று கத்தியவர், கையிலிருந்த போன் முனகியதும் அதைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார்.

சங்கத் தலைவியிடமிருந்து செய்தி. "இத்தனை நாளில் இன்றுதான் உங்கள் சப்டைட்டில் முழுசாகப் புரிந்தது. அணிலைப் பற்றி எங்களுக்கும் அதே சந்தேகம்தான்."

மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மலைக்காரரின் மனைவியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அம்மா, மெஷினுக்கு உங்க குரல் பிடிச்சுப்போச்சு. நாளையிலேர்ந்து நீங்கதான் மைக்ல பேசணும். சொந்தக் கருத்து மட்டும் வேணாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வீட்டு வேலை முடிச்சுட்டு வர்றேன்" என்றார் மனைவி, ஏதோ அடுத்த வீட்டு விசேஷத்துக்கு ஒத்துக்கொள்கிற மாதிரி.

மனைவி வந்த இரண்டாவது நாளே எல்லாம் மாறியது. அன்று பதினொரு மணிக்கு எழுத்து நின்றதும், "இருங்க, இந்தக் கட்டடத்தைக் கொஞ்சம் சுத்திப் பார்த்துட்டு வர்றேன்" என்று எழுந்து போனவர், நிகழ்ச்சி முடிந்து அரை மணி கழித்துத்தான் திரும்பினார். மலைக்காரர் மைக்கோடு அல்லாடியதை எல்லாம் அவர் காதில் வாங்கவே இல்லை. வந்ததும் வராததுமாக உத்தரவு போட்டார்.

"முதல்ல ஏசியைப் பழையபடி கீழ திருப்பி விடுங்க. கீழ மனுஷங்க வேகறாங்க."

"மெஷின் சூடாயிடுமே!"

"அதெல்லாம் ஆகாது. சத்தத்தையும் பாதியாக் குறைங்க, காது என்னத்துக்கு ஆகும்? அப்புறம் பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம் விளம்பரம் போடச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"டீ குடிக்க."

"மெஷினுக்கு எதுக்கும்மா டீ டைம்?"

"வேலை செய்யற எதுக்கும் ஓய்வு வேணும். வீட்டு மிக்ஸியையே ரெண்டு நிமிஷம் ஓட்டினா நிறுத்தி வெச்சுத்தான் ஓட்டறேன். நீங்க ரெண்டு மணி நேரம் ஒரேயடியா ஓட்டினா அது என்ன பண்ணும்?"

உதவி மையத்தைவிட இது தெளிவாக இருந்தது. மலைக்காரர் சொன்னபடி செய்தார். அடேயப்பா! எழுத்து என்றால் எழுத்து, அப்படி ஓர் எழுத்து. கமா சரி, கேள்விக்குறி சரி. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும், யார் சொன்னது எது என்று பிரித்துப் பிரித்து வந்தது. யாராவது சிரித்தால் "(சிரிக்கிறார்)" என்று வந்தது. மழுப்பினால் "(யோசிக்கிறார்)" என்று நாகரிகமாக வந்தது.

மலைக்காரருக்கு மெஷின்மேல் பாசமே வந்துவிட்டது. தினமும் ஒரு மஞ்சள் துணியால் துடைத்தார். வீட்டில் அதைப் பற்றியே பேச்சு. "இன்னைக்கு அது ஒரு முற்றுப்புள்ளி வெச்சுது பாரு, அப்பப்பா!" என்பார். மனைவி தலையைக் குனிந்துகொண்டு ஊம் கொட்டுவார். ஒரு டிபன் கேரியர் போய்த் தினமும் இரண்டு டிபன் கேரியர் கட்ட ஆரம்பித்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "பேசிப் பேசிப் பசிக்குது" என்றார். பேசுகிறவருக்குப் பசிக்கத்தானே செய்யும் என்று இவரும் விட்டுவிட்டார்.

மூன்று வாரம் ஓடியது. சங்கத் தலைவி நேரில் வருகிற நாளும் வந்தது.

அன்று காலை மேலாளர் புதுச் சட்டையோடு மெஷின் அறைக்குள் வந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இன்னைக்கு வீட்டம்மா பேச வேணாம்."

"சார்?"

"தானியங்கி மெஷின்னு எழுதிக் குடுத்திருக்கோம். பக்கத்துல ஒரு அம்மா உக்காந்து ஒப்பிச்சுக்கிட்டிருந்தா தலைவி என்ன நினைப்பாங்க? மூணு வாரமாக் கத்துக்கிச்சுல்ல, தானா எழுதட்டும்."

"சார், அது இன்னும் சின்னப்புள்ள மாதிரி சார். திடீர்னு கையை விட்டா விழுந்துடும்."

"விழுந்தா மலை" என்றார் மேலாளர்.

மலைக்காரர் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். அவரோ அலட்டிக்கொள்ளாமல் இரண்டு டிபன் கேரியரையும் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"சரி, அப்ப நான் கீழ போய் உக்காந்துக்கறேன்."

"என்னை இப்படித் தனியா விட்டுட்டுப் போறியே!"

"பயப்படாதீங்க. குமிழைத் தொடாதீங்க. எதையுமே தொடாதீங்க. போதும்."

தலைவி வந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து, பாதி வயதில் காய்ச்சலில் காது போனவர். கேட்காதே தவிர, பேச்சு கணீரென்று வரும். மெஷின் அறையில் மேலாளர் பக்கத்தில், திரைக்கு நேர் எதிரே உட்கார்ந்து மடியில் நோட்டை விரித்துக்கொண்டார். அன்றைய விவாதத்துக்கு ஐந்து துறை அதிகாரிகள். மேலாளர் வேண்டுமென்றே ஐந்து பேரைக் கூப்பிட்டிருந்தார், மெஷினின் திறமையைக் காட்ட. மலைக்காரர் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் அவை எதையும் தொடாது.

இசை முழங்கியது. குடிநீர்க்காரர் சாலைக்காரரைக் குறை சொன்னார். சாலைக்காரர் மின்துறையைச் சொன்னார். மின்துறை அணிலைச் சொன்னது. ஐந்தாவது நிமிடத்தில் ஐந்து பேரும் எழுந்து நின்று ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஸ்டுடியோவில் காது உள்ளவர்கள் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தொகுப்பாளரே விழித்தார்.

மலைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பரண், பெட்டி, சிவப்பு விளக்கு எல்லாம் வரிசையாக வந்து போயின. மகள் தன்னோடு பேசாமல் இருக்கப்போகும் வருடங்களை எண்ணினார்.

யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். தலைவிதான். திரையில் எழுத்து ஆற்றொழுக்காக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து பேருக்கும் ஐந்து நிறம். யார் யாரை எதற்குத் திட்டுகிறார்கள் என்பது அத்தனை தெளிவு. அந்த அறையில் அந்த விவாதம் புரிந்த ஒரே ஆள் அவர்தான். பக்கத்தில் மேலாளரும் அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரமும் ஒரு தடங்கல் இல்லை. பதினொரு மணிக்கு விளம்பரம் வந்தது, போனது. நிகழ்ச்சி முடிந்ததும் தலைவி நோட்டை மூடி வைத்தார்.

"டிவியில எதுக்குச் சிரிச்சாலும், வீட்டுல எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் யாராவது எனக்கு விளக்கிச் சொல்வாங்க. அப்புறம்தான் நான் சிரிப்பேன். பன்னெண்டு வருஷமா அப்படித்தான். இந்த மூணு வாரமா நான்தான் முதல்ல சிரிக்கறேன்." அவர் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். "நிறைய மெஷின் பார்த்துட்டேன். இது மெஷின் எழுதற மாதிரியே இல்லை. கூடவே உக்காந்து ஒரு மனுஷி எடுத்துச் சொல்ற மாதிரி இருக்கு."

"லேட்டஸ்ட் மாடல் மேடம்" என்றார் மேலாளர் நெஞ்சை நிமிர்த்தி.

தலைவி அங்கேயே கையெழுத்துப் போட்டார். மேலாளர் மலைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இனிமே உங்களை யாரும் மலைக்காரர்னு கூப்பிடக் கூடாது. மலை இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு, தலைவியை வழியனுப்பக் கீழே ஓடினார்.

அறையில் மலைக்காரரும் மெஷினும் மட்டும். அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, முதன்முறையாகத் துணியில்லாமல் வெறுங்கையால் அதைத் தொட்டார். கண்ணில் நீர் தளும்பியது.

"நீ நல்லா இருக்கணும்ப்பா" என்றார். "என் குடும்பத்தையே காப்பாத்திட்டே. பெத்த புள்ளைகூட இப்படிச் சொன்ன பேச்சு கேட்காது."

வாசலில் யாரோ கனைத்தார்கள். எலக்ட்ரீஷியன். தோளில் ஒரு சுருள் ஒயர்.

"சார், வெறும் பிளக்கைச் சொருகினதோட நிக்குது இந்த மெஷின், இதுலேர்ந்து டிவிக்கு எழுத்து போற ஒயரைக் குடுக்கலாமா வேணாமான்னு இன்னைக்காவது உங்க வீட்டம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க, மூணு வாரமா நான் வர்றப்பல்லாம், குடுத்தா பழையபடியே கீழ உக்காந்து சப்டைட்டில் அடிக்கிற டைப்பிஸ்ட் அம்மாவுக்கு வேலை போயிடும், மெஷின் சொதப்பினா நீங்களும் மலைக்குப் போயிடுவீங்கன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடறாங்க."